அப்பாவைத் தெரிந்த காக்கைகள்

2017 ஆடி அமாவாசையன்று எங்கள் வீட்டில் மத்தியானம் இரண்டேகால் வரை யாரும் சாப்பிடவில்லை. அப்பா விடியற்காலையிலேயே தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்த் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். படையல் போட்டு, சாமி கும்பிட்டு, ஒரு வாழை இலைத் துண்டில் சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், உளுந்து வடை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். கைப்பிடிச் சுவரில் தண்ணீர் தெளித்து இலையை வைத்துவிட்டு "கா... கா..." என்று கூப்பிட்டார்.

காக்கைகள் வரத்தான் செய்தன. ஏழெட்டு இருக்கும். வேப்பமரத்து உச்சியிலும் பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனாவிலும் உட்கார்ந்துகொண்டு அப்பாவைப் பார்த்துக் கத்தின. கூட்டத்தைக் கூப்பிடுகிற கத்தல் இல்லை அது. தொண்டையைக் கிழித்துக்கொண்டு வருகிற, திட்டுகிற கத்தல். ஒன்றுகூட இலைக்குக் கிட்டே வரவில்லை. அப்பா வெயிலில் முக்கால் மணி நேரம் நின்றார். இறங்கி வந்தார், மறுபடி ஏறினார். சோறு காய்ந்தது, வடையில் எறும்பு ஏறியது. மூன்றாம் தடவை இறங்கி வந்தபோது யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: "எங்கம்மாவுக்கு எம்மேல கோவம் தீரல."

ஆயா இறந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கடைசி நேரத்தில் அப்பா மருந்து வாங்க வெளியே போயிருந்தார். திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. அதைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குத்தான் அது உள்ளேயே கிடந்தது என்று தெரிந்தது.

கடைசியில் அம்மா புது இலையில் சோறு வைத்துக்கொண்டு மேலே போனார். நானும் பின்னாலேயே போனேன். அம்மா கூப்பிடக்கூட இல்லை. இலையைச் சுவரில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார், அவ்வளவுதான். அரை நிமிஷம் ஆகியிருக்காது. ஒன்று இறங்கி வடையைக் கவ்வியது. பின்னாலேயே மற்றவையும் வந்து இலையைக் காலி செய்தன. அப்பா படிக்கட்டின் மேல்படியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் கீழே போய்ப் பேருக்குக் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

அன்றைக்குச் சாயந்திரத்திலிருந்துதான் நான் காக்கைகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். கோபம் ஆயாவுக்கா, காக்கைக்கா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. அதற்கும் முன்னால் ஒரு புயல் உண்டு.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. அப்பா துறைமுகத்தில் ஒரு ஐஸ் பேக்டரியில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது அந்த மரம் பாதியில் முறிந்து விழுந்தது. காற்று அடங்கி நாங்கள் வெளியே வந்து பார்த்தபோது சந்து முழுக்க வேப்பங்கிளையும் ஓட்டுத்துண்டும். அவற்றுக்கு நடுவே நனைந்து, சிறகு விரிந்து, செத்துக் கிடந்த காக்கைகள். விடிந்தால் காதைத் துளைக்கிற காக்காச் சத்தம் அன்று இல்லவே இல்லை. கரண்ட் இல்லாத அந்த நாட்களில் ஒருநாள் நாலைந்து காக்கைகள் தட்டுத்தடுமாறி மொட்டை மாடிக்கு வந்தன. கடையில் அரிசி கிடைக்குமா என்று தெரியாத நேரம் அது. அம்மா இருந்த சோற்றில் ஒரு பிடியை எடுத்து வைத்தார். அன்று தொடங்கியது, இன்றுவரை காலை ஏழரை மணிக்கு அம்மா சோறு வைக்காத நாள் கிடையாது.

முறிந்த மரம் அடுத்த வருஷமே துளிர்த்தது. நாலைந்து வருஷத்தில் ஒரு ஜோடி அதில் கூடு கட்டும் அளவுக்குத் தழைத்துவிட்டது. துறைமுகத்து ஊர் என்பதால் இங்கே காக்கைக் கூட்டில் குச்சியைவிட மற்ற சாமான்தான் அதிகம்: கட்டுக்கம்பி, வலை நரம்பு, துணி மாட்டுகிற கம்பி. அந்த ஜோடியில் ஒன்றுக்கு இடது காலில் வலை நரம்பு இறுகி ஒரு விரல் போயிருந்தது. அம்மா அதற்கு ‘நரம்புக்காரி’ என்று பெயர் வைத்திருந்தார். ஆணா பெண்ணா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத பறவை அது, ஆனாலும் அம்மாவுக்கு அது பெண்தான்.

2017 மே மாதம், ஒரு சாயந்திரம் காற்றில் கூட்டிலிருந்து குஞ்சு ஒன்று கீழே விழுந்தது. அரைகுறையாக இறகு முளைத்த கறுப்புக் குஞ்சு. வாயைத் திறந்தால் உள்ளே செக்கச்செவேலென்று இருந்தது. தெருநாய் ஒன்று மதில் ஓரம் வந்து நின்றது. அப்பா ஓடிப்போய்க் குஞ்சை எடுத்துவிட்டார்.

அப்புறம் நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. குஞ்சை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டு பழைய மூங்கில் கூடையையும் கயிற்றையும் தேடிக் கொல்லை முழுக்க நடந்தார். கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் குஞ்சு அவர் கைக்குள் அலறிக்கொண்டே இருந்தது. மரத்துக்கு மேலே காக்கைகள் சேர்ந்துகொண்டே போயின. பத்து, இருபது. முதல் கொத்து பின்மண்டையில் விழுந்தது. அடுத்தது காதுக்கு மேலே. ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக் காலருக்குள் இறங்கியது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு, ஏணியில் ஏறி, கூடையைக் கவட்டையில் வைத்து மூன்று முடிச்சுப் போட்டு, குஞ்சை உள்ளே விட்டுவிட்டுத்தான் இறங்கினார். அன்றிரவே காக்கை கூடைக்கு வந்தது. மறுநாளிலிருந்து அங்கேயே இரை கொடுக்க ஆரம்பித்தது. குஞ்சு பிழைத்துக்கொண்டது.

ஆனால் அப்பாவை அவை விடவில்லை. கொல்லைக் கதவைத் திறந்தால் போதும், தலைக்கு மேலே பாய்ந்தன. துண்டு கட்டிக்கொண்டு போனார், குடை பிடித்துக்கொண்டு போனார், வேட்டியை விட்டுவிட்டு பேன்ட் போட்டார். ஒன்றும் பலிக்கவில்லை. முனைக் கடைக்கு டீ குடிக்கப் போனால் கம்பத்துக்குக் கம்பம் தாவிக்கொண்டு கூடவே வந்து கத்தின. பால்காரர் வந்து போனார், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற பையன் வந்து போனான், நான் துணி காயப்போட்டேன். எங்கள் யாரையும் அவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆடி அமாவாசைக்குள் இரண்டு மாசத்துக்கும் மேலாக இது நடந்துகொண்டிருந்தது. அப்படியும் அன்றைக்கு எங்கள் யாருக்கும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. அமாவாசைச் சோற்றுக்கு வருகிற காக்கை வேறு, கொல்லையில் கொத்துகிற காக்கை வேறு என்றே மனசில் வைத்திருந்தோம்.

முகத்தை வைத்து ஆளைத் தெரிந்துகொள்ளுமா காக்கை? இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்கிற பறவை ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் 2006-இல் ஆதிமனிதன் முகம் போட்ட ஒரு ரப்பர் முகமூடியை மாட்டிக்கொண்டு வளாகத்தில் ஏழு காக்கைகளைப் பிடித்தார்கள். காலில் அடையாள வளையம் போட்டு விட்டுவிட்டார்கள். அப்புறம் அதே முகமூடியோடு, கையில் வலை எதுவும் இல்லாமல், வளாகத்தில் சும்மா நடந்தார்கள். காக்கைகள் சூழ்ந்துகொண்டு திட்டின. முகமூடியை யார் மாட்டிக்கொண்டு போனாலும் திட்டின. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு முகமூடியும் வைத்திருந்தார்கள், அப்போது துணை அதிபராக இருந்த டிக் செய்னியின் முகம். அதை மாட்டிக்கொண்டு போனவர்களைக் காக்கைகள் அநேகமாகக் கண்டுகொள்ளவில்லை.

என்னை உலுக்கியது அடுத்து வந்த விஷயம்தான். பிடித்தது ஏழு காக்கைகளை மட்டும். ஆனால் வருஷம் போகப் போகத் திட்டுகிறவை கூடிக்கொண்டே போயின. ஒருமுறை மார்ஸ்லஃப் அந்த முகமூடியோடு நடந்துபோனபோது எதிர்ப்பட்ட 53 காக்கைகளில் 47 திட்டின. பிடிபடாதவையும் திட்டின. பிடித்த சமயத்தில் பிறந்தே இருக்காத குஞ்சுகளும் தாய் தகப்பன் திட்டுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு திட்டின. பத்து வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பகை முழுசாகத் தணியவில்லை. அங்கே இருப்பது அமெரிக்கக் காக்கை, நம்முடைய சாம்பல் கழுத்துக் காக்கை இல்லை. ஆனால் இரண்டும் ஒரே பேரினம். எங்கள் சந்தில் நடந்ததற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் கிடைத்தது. ஆஸ்திரியாவின் கோன்ராட் லோரன்ஸ், 1973-இல் நோபல் பரிசு வாங்கியவர், ஜாக்டா என்கிற பறவைகளைக் குஞ்சிலிருந்து வளர்த்தவர். காக்கைக்கு நெருங்கிய சொந்தம் அவை. அவர் தோளில் உட்காரும், பின்னாலேயே பறந்து வரும். ஒருநாள் அவர் தன்னுடைய ஈரமான கறுப்பு நீச்சல் உடையைக் கையில் எடுத்தார். அவ்வளவுதான், அத்தனை பாசமான பறவைகள் அவர் கையைக் கொத்திப் பிடுங்கின. கறுப்பாக ஏதோ ஒன்று ஒரு கையில் மாட்டிக்கொண்டு துவண்டால், அந்தக் கை தங்கள் இனத்தைத் தின்கிற கை. யார், எதற்கு என்ற விசாரணை கிடையாது. அப்பா கால் மணி நேரம் கறுப்புக் குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லையில் நடந்ததை நினைத்துப் பார்த்தேன். ஒரு நிமிஷத்தில் கூடையைக் கட்டியிருந்தால்கூட அவரைக் கொத்தியிருக்கும். ஆனால் ஊரையே கூட்டிக் காட்டிக்கொடுக்க நேரம் இருந்திருக்காது.

அந்தக் குஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. ஜூன் மாதம் அது கூடையை விட்டுக் கிளைக்கு வந்தபோது அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். சிறகிலும் வாலிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. நரம்புக்காரி ஒற்றைக்காலை ஊன்றிக்கொண்டு அதன் வாய்க்குள் சோற்றைத் திணித்துக்கொண்டிருந்தது. "குயிலு" என்றார் அம்மா.

வெயில் காலத்தில் விடியற்காலையில் கூவுகிறதே ஆண் குயில், அது காக்கைகளை வம்புக்கும் இழுக்கிறது. கூட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். காக்கைகள் அதை விரட்டிக்கொண்டு போகும் நேரம் பார்த்துப் பெண் குயில் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டை காக்கை முட்டையைவிடச் சின்னது, ஆனால் அதே பச்சை கலந்த நிறம், அதே மாதிரி பழுப்புப் புள்ளி. காக்கைக் குஞ்சுக்கு முந்தியே பொரித்துவிடும். நம்மூர்க் குயில் குஞ்சு முதலில் கறுப்பாகத்தான் இருக்கும் என்பதால் கூட்டுக்குள் வித்தியாசமும் அவ்வளவாகத் தெரியாது.

மனிதனின் முகத்தைப் பல வருஷம் மனசில் வைத்திருக்கிற பறவைக்குத் தன் கூட்டில் இருப்பது தன் பிள்ளை இல்லை என்று தெரியாமல் போகிறதே என்று பலரும் கேட்கிறார்கள். இதை ஏமாளித்தனம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கூட்டில் வாயைப் பிளக்கிற குஞ்சைச் சந்தேகப்பட ஆரம்பித்தால் ஒருநாள் தன் குஞ்சையே கீழே தள்ளிவிட நேரும். அந்த ஆபத்துக்கு முன்னால், கேட்கிற வாய்க்கெல்லாம் ஊட்டிவிடுவது மேல். வெளி உலகத்தை அவ்வளவு கவனமாகப் பார்க்கிற பறவை, கூட்டுக்குள் மட்டும் கணக்குப் பார்க்காமல் இருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன், நீங்கள் காப்பாற்றியது குயில் குஞ்சு என்று. "யாரு பிள்ளையா இருந்தா என்ன, விழுந்த பிள்ளைதானே" என்றார். குயில் ஜூலையில் பறந்து போய்விட்டது. அதை முன்னிட்டு வந்த பகை மட்டும் போகவில்லை. அடுத்த வருஷம் பிறந்த காக்கைக் குஞ்சுகள், வால்கூடச் சரியாக வளராதவை, அப்பா கொல்லைக்கு வந்தால் கிளையில் தத்தித் தத்திக் கத்தின. அவற்றுக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

துறைமுகத்துப் பக்கம் கருவாடு காயவைக்கும் திடலில் எனக்குப் பழக்கமான ஒரு ஆயா இருக்கிறார். நெத்திலிக் கருவாடு அவரிடம்தான் வாங்குவோம். பழைய வலையை மணலில் விரித்து, அதன்மேல் நெத்திலியைப் பரப்பி, ஒரு சாக்குக் குடைக்குக் கீழே கையில் குச்சியோடு உட்கார்ந்திருப்பார். சுற்றி நாலு கழியில் கறுப்பு கேரி பேக் கட்டிப் பறந்துகொண்டிருக்கும். ஐந்தாவது கழியில் தலைகீழாக ஒரு செத்த காக்கை.

அப்பாவின் கதையை நான் சொன்னதும் அந்த ஆயாவுக்குக் கொஞ்சமும் ஆச்சரியம் இல்லை. "அதுங்களுக்கு மூஞ்சி தெரியும் பாப்பா. நான் குந்தியிருந்தா வராது. எம்பேத்திய குந்தவச்சிட்டு டீ குடிக்கப் போனா பாதி மீன் காலி. அவ கல்லெடுக்க மாட்டான்னு தெரிஞ்சி வச்சிக்கிது." கழியைக் காட்டிக் கேட்டேன். "அதக் கட்டினா மொதல்ல அத்தனையும் வந்து சுத்தும். என்னா கத்து கத்தும் தெரியுமா, காது பொளந்துடும். அப்புறம் ரெண்டு நாளு மூணு நாளு இந்தப் பக்கமே தலவச்சிப் படுக்காது." எங்கேயோ அடிபட்டுச் செத்துக் கிடப்பதைத்தான் எடுத்துவந்து கட்டுவார்களாம். "அடிச்சிக் கொன்னு கட்டினா அது நம்மளயே பாத்து வச்சிக்கும். அந்தப் பாவம் நமக்கு எதுக்கு."

கருவாட்டு ஆயா சொன்ன இதே விஷயத்தைக் கேலி ஸ்விஃப்ட் என்கிற பெண் ஆய்வாளர், மார்ஸ்லஃபோடு சேர்ந்து செய்த சோதனைகளை வைத்து 2015-இல் வெளியிட்டார். காக்கைகள் தினமும் இரை எடுக்கிற இடத்தில், முகமூடி போட்ட ஒருவர் செத்த காக்கையைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்பார். காக்கைகள் கூடிக் கத்தும். அதற்கப்புறம் அந்த இடத்துக்கு இரை எடுக்க வரவே தயங்கும். செத்த காக்கை இல்லாமல் அந்த முகம் மட்டும் ஆறு வாரம் கழித்து வந்தால்கூடத் திட்டும். ஒரு காக்கை செத்தால் ஊர்க் காக்கையெல்லாம் கூடுவது, இங்கே என்ன ஆபத்து, யாரால் வந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் என்பது அவர்கள் முடிவு. அப்படியானால் அது துக்கம் இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இழவு வீட்டுக்குள் நுழைகிற நாமும் முதலில் கேட்பது "எப்படி ஆச்சு?" என்றுதானே. கேட்டுவிட்டுத்தான் அழுகிறோம்.

காக்கை எதையும் தனியாகத் தின்னாது, கூட்டத்தைக் கூப்பிட்டுத்தான் தின்னும் என்று சொல்லித்தான் நம்மையெல்லாம் வளர்த்தார்கள். இரண்டு வருஷம் மொட்டை மாடியில் உட்கார்ந்து பார்த்ததில் இது பாதி உண்மை என்று சொல்வேன். சோறு குவியலாக இருந்தால் முதலில் வருகிற காக்கை கூப்பிடும். வடையோ மீன் துண்டோ ஒன்றே ஒன்று இருந்தால் சத்தமே போடாது. ஒருநாள் நரம்புக்காரி ஒரு மீன் தலையை எடுத்துக்கொண்டு போய்த் துளசித் தொட்டி மண்ணில் செருகி, மேலே ஒரு காய்ந்த இலையை இழுத்துப் போட்டது. மூடிய பிறகு இரண்டடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. சரியாக மூடவில்லை போல, திரும்பி வந்து இன்னொரு இலையை எடுத்துப் போட்டது. அம்மா அன்று முழுக்க அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை.

கூப்பிடுவதற்கும் காரணம் இருக்கிறது. ரேவன் என்கிற பெரிய காக்கையைப் பற்றி பெர்ன்ட் ஹைன்ரிச் அமெரிக்காவின் மெய்ன் காடுகளில் பனியில் கிடந்து பல வருஷம் ஆராய்ந்தார். செத்த மானைப் பார்த்த இளம் ரேவன் ஏன் கத்திக் கத்தி மற்றவற்றைக் கூப்பிடுகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. அந்த இடம் ஏற்கெனவே ஒரு வயசான ஜோடிக்குச் சொந்தமாக இருக்கும். தனியாகப் போனால் அடித்து விரட்டிவிடும். பத்துப் பேராகப் போனால் விரட்ட முடியாது, எல்லாருக்கும் வயிறு நிறையும். பகிர்ந்து தின்பதற்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருப்பது தெரிந்தபிறகு எனக்குக் காக்கைமேல் மதிப்பு குறையவில்லை, கூடத்தான் செய்தது. எங்கள் துறைமுகத்தில் கரைவலை இழுப்பதும் அப்படித்தான். ஒருவர் இழுக்க முடியாத வலையை ஊரே சேர்ந்து இழுத்தால் ஊருக்கே பங்கு.

காக்கைகள் செய்கிற கருவிகளைப் பற்றி எல்லாரும் நிறைய எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூ கலிடோனியா என்று பசிபிக் கடலில் ஒரு தீவு, புதுச்சேரியைப் போலப் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. அங்கத்துக் காக்கைகள் தாழை இலையின் முள் ஓரத்தைக் கிழித்துக் கொக்கி செய்து மரப்பொந்தில் இருக்கிற புழுவை இழுக்கின்றன. அந்த இனத்தில் பெட்டி என்று ஒன்று, ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தது. நேரான கம்பியைத் தானாகவே வளைத்துக் கொக்கியாக்கிக் குழாய்க்குள் இருந்த சின்ன வாளியைத் தூக்கியது. 2002-இல் அதைப் பற்றிக் கட்டுரை வந்தது. பானையில் கல் போட்டுத் தண்ணீர் குடித்த காக்கையின் கதைகூட வெறும் கதை இல்லை. இங்கிலாந்தில் 2009-இல் ரூக் என்கிற காக்கை வகையிடம் சோதித்தபோது, குழாயில் கல் போட்டுத் தண்ணீரை உயர்த்தி மிதக்கிற புழுவை எடுத்தது, அதுவும் பெரிய கல்லாகப் பொறுக்கிப் போட்டு. ரேவனின் மூளை 14 கிராம்தான், ஆனால் அதற்குள் 200 கோடிக்கு மேல் நரம்பணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன என்று 2016-இல் எண்ணிப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இதெல்லாம் பெரிய விஷயம்தான். ஆனாலும் காக்கையின் அறிவு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கொக்கி இல்லை. இத்தனை ஜனம் நடமாடுகிற சந்தில் ஒருவரை மட்டும் பிரித்தெடுத்து வைத்துக்கொள்கிறதே, அதுதான். நமக்கு எல்லாக் காக்கையும் ஒரே காக்கை. எதிர் வீட்டில் கத்தினாலும் விருந்தாளி வருகிறார் என்போம், நம் வீட்டில் கத்தினாலும் அதையே சொல்வோம். அதற்கு நாம் அப்படி இல்லை. யார் கல்லெடுப்பார், யார் சோறு வைப்பார், யார் கையில் ஒருநாள் குஞ்சு அலறியது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது.

சியாட்டில் முகமூடிக் கதையைப் படித்த அன்றைக்கு ராத்திரியே அப்பாவிடம் சொன்னேன். "ஆயாவுக்குக் கோவம் இல்லப்பா. காக்காவுக்குத்தான் கோவம். அதுக்கு உங்க மூஞ்சி தெரியும்." அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப அமாவாசைக்கு அம்மா காக்காவா வர்றதுன்றதெல்லாம் பொய்யா?"

அவர் மனசிலிருந்து ஒரு பாரத்தை எடுக்கப் போய் அவருடைய அம்மாவையே எடுத்துவிட்டேனோ என்று எனக்குத் திக்கென்றது. பதில் சொன்னது அம்மாதான். அடுப்படியிலிருந்து வந்து சொன்னார்: "ஏன் பொய்யி? காக்கா உடம்புல வந்தா காக்கா புத்தியும் சேந்துதான வரும். குஞ்சத் தூக்கின ஆளப் பாத்தா எந்தக் காக்காவுக்கும் கோவந்தான் வரும். சமாதானம் பண்ணிக்கங்க."

அப்பா மறுவாரமே ஆரம்பித்தார். காலையில் துறைமுகத்துக்கு நடந்துபோய் ஐந்தாறு சூடை மீன் வாங்கி வருவார். மொட்டை மாடிச் சுவரில் வரிசையாக வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்துவிடுவார். அமெரிக்கக் காக்கைகள் மனிதனின் கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக்கூடக் கவனிக்கின்றன, நேராகப் பார்த்துக்கொண்டு வருகிறவரிடமிருந்து சீக்கிரம் விலகிப் போகின்றன என்று படித்திருந்தேன். அதனால் அவற்றை நேருக்கு நேர் பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். முதல் சில மாசம் அப்பா வைத்த மீனை அம்மா மேலே போய் நின்ற பிறகுதான் தொட்டன. அப்புறம் அப்பா இறங்கிய பிறகு வந்து எடுத்தன. 2018 ஆடி அமாவாசைக்கும் அம்மாதான் இலை வைத்தார். அப்பா கேட்கவில்லை, கீழேயே உட்கார்ந்திருந்தார். அந்த வருஷம் மழைக்காலத்துக்குப் பிறகு கொல்லையில் பாய்வது நின்றது, கத்துவது மட்டும் இருந்தது. கத்துகிற காக்கைகளும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கடைசிவரை விடாமல் கத்தியது நரம்புக்காரிதான்.

2019 ஆடி அமாவாசைக்கு அப்பா தானே இலையை எடுத்துக்கொண்டு மேலே போனார். சட்டை போடவில்லை, ஈர வேட்டி, நெற்றியில் விபூதி. இலையைச் சுவரில் வைத்து, தண்ணீர் தெளித்து, இரண்டே இரண்டு தடவை கூப்பிட்டார். பின்பக்கமாகவே நடந்து வந்து படிக்கட்டுக் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

நரம்புக்காரி தண்ணீர்த் தொட்டிமேல் வந்து உட்கார்ந்தது. ஒரு தடவை கத்தியது. அப்பா அசையவில்லை. தொட்டியிலிருந்து சுவருக்கு வந்தது. விரல் போன காலைத் தூக்கிக்கொண்டு, ஒரு கண்ணால் இலையையும் ஒரு கண்ணால் அப்பாவையும் பார்த்தது. பக்கவாட்டில் இரண்டு தத்துத் தத்திச் சோற்றில் அலகை வைத்தது. எடுத்தது. அதற்கப்புறம்தான் தலையை நிமிர்த்திக் கூப்பிட்டது. அந்தப் பழைய கிழிந்த குரல் இல்லை, ‘கா’ என்று நறுக்காக ஒன்று. வேப்பமரத்திலிருந்து நாலு இறங்கின.

கீழேயிருந்து அம்மா, "வந்துச்சா?" என்று கேட்டார். அப்பா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அது பறந்துவிடும் என்பதுபோல, தலையைக்கூடத் திருப்பாமல், முதுகுக்குப் பின்னால் ஒரு கையை மட்டும் என் பக்கம் ஆட்டினார், நீ போய்ச் சொல்லு என்று.